வேல்ஸ் மலைநாட்டின் கோடைமனைகள்

பிரித்தானியத் தீவின் மேற்குப் பாகத்தில் அமைந்துள்ள வேல்ஸ் நாடு மலை மிக்க நாடு. கடற்கரையோரச் சமவெளிகளையும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளையும் நீக்கிப் பார்த்தால், எஞ்சிய நிலத்திற் பெரும்பகுதி புல்லும் புதரும் சதுப்பும் மூடிய மேட்டு நிலமேயாம். செம்மறிகளன்றி வேறெவரும் தங்காத இம்மேடுகளில், ஓடைக்கரைகளை அடுத்து, நீள்சதுரமான தாழ்ந்த கல்வரிசைகள் புல்லுள் அமிழ்ந்து கிடத்தலைக் காணலாம். கூரை இல்லை, கதவு நின்ற இடம் ஓர் இடைவெளியாக மட்டும் தோன்றும். பக்கத்திற் சிறியதோர் அடைப்பின் சுவர் சரிந்து கிடக்கும். இவை யாருடைய வீடுகள்? ஆண்டு முழுவதும் மக்கள் இவற்றில் வாழ்ந்தனரா, அன்றி ஆண்டின் ஒரு பகுதியில் மட்டும் வந்து தங்கினரா? சிறியதுபோலத் தோன்றும் இவ்வினாவுக்கு அளிக்கப்படும் விடையைப் பொறுத்தே, இடைக்கால வேல்ஸ் மக்களை நிலையற்று அலைந்த இடையர் என்பதா, ஒழுங்கமைந்த வேளாண் குடிகள் என்பதா என்னும் பெரியதொரு வழக்கும் முடிவு பெறவேண்டியுள்ளது.

முதலில் அம்மக்களின் சொற்களை நோக்குவாம். வேல்ஸ் மொழியில் ‘ஹவொட்’ என்றொரு சொல் உண்டு. ‘ஹாவ்’ என்பது கோடை. ‘பொட்’ என்பது உறைவிடம். இரண்டும் சேர்ந்து கோடை உறைவிடம் எனப் பொருள்படும். இதற்கு இணையாக வழங்குவது ‘ஹென்ட்ரே’ என்பது. ‘ஹென்’ என்பது பழமையையும் ‘ட்ரெவ்’ என்பது குடியிருப்பையும் குறித்தலால், ஹென்ட்ரே பழைய குடியிருப்பு ஆகின்றது. இக்கட்டுரையில் முன்னதைக் கோடைமனை என்றும் பின்னதை முதுமனை என்றும் வழங்குவாம். பள்ளத்தாக்கிலே விளைநிலத்தை அடுத்து நின்றது முதுமனை. மேட்டிலே மேய்ச்சலை அடுத்து நின்றது கோடைமனை. மே மாதத் தொடக்கத்திற் பசுக்களும் ஆடுகளும் மேலே ஓட்டப்படும். குடும்பத்தவரிற் பலரும் அவற்றுடன் ஏறுவர். அறுவடை முடிந்து, குளிர் தொடங்குமுன் யாவரும் கீழே இறங்குவர். கால்நடை மேலே இருக்குங்கால், கீழே வேலியற்ற வயல்களில் ஓற்ஸ் பயிர் அழிவின்றி விளையும். குளிர்காலத் தீனிக்குரிய வைக்கோற் புல்லும் வளரும். ஆகவே மேலேறுதல் வெறும் மேய்ச்சல் வசதிக்காக மட்டும் நிகழ்ந்ததன்று; கீழுள்ள பயிரைக் காத்தற்கும் அதுவே வழி.

‘பழைய குடியிருப்பு’ என்னும் பெயரை ஈண்டுக் கூர்ந்து கவனித்தல் தகும். ஒரு மக்கட் கூட்டம் இரு வீடுகளுள் ஒன்றைப் பழையது, மூலமானது என்று சுட்டுமாயின், அதற்கு நிலையான ஓர் ஊர் உண்டென்பது பெறப்படும். நாடோடிக்கு முதுமனை இராது.

எனினும், வேல்ஸ் மக்கள் நிலையற்றவர் என்னும் கருத்து மிகப் பழமையானது. ஜெரல்ட் என்னும் பாதிரியார், நோர்மானியக் குருதியும் வேல்ஸ் குருதியும் கலந்தவர், 1188 ஆம் ஆண்டில் கந்தபரி அதிமேற்றிராணியார் போல்ட்வினுடன் வேல்ஸ் நாட்டைச் சுற்றி வந்தார். சில ஆண்டுகளின் பின் இலத்தீனில் அந்நாட்டு மக்களை விவரித்து நூலொன்று எழுதினார். அவர்கள் நகரங்களிலும் ஊர்களிலும் கூடி வாழார். காட்டோரங்களில் தனித்து உறைவர். பேரில்லங்கள் எடாது, ஓராண்டுக்குப் போதுமான கொட்டில்களை மிலாறு பின்னி அமைத்துக்கொள்வர். பெரும்பாலோர் பாலும் வெண்ணெயும் பாற்கட்டியும் ஓற்ஸும் கொண்டு பிழைப்பர் என்பது அவர் கூற்றின் சாரம். 1282-83 இல் முதலாம் எட்வேட் மன்னன் வேல்ஸைக் கைப்பற்றிய பின், அதிமேற்றிராணியார் ஜோன் பெக்காம் 1284 இல் அம்மன்னனுக்கு எழுதுகையில், சிதறி வாழும் இம்மக்களை நகரங்களிற் கூடி வாழச் செய்தல் வேண்டும் என்று அறிவுரை கூறினார். சிதறி வாழ்தலே ஒழுக்கக் குறைவுக்குக் காரணம் என்பது அவர் துணிபு. ஆட்சியாளர் பிறர் நிலத்தைக் கைக்கொள்ளும்போது அந்நிலத்தவர் அதனை முறையாகப் பயன்படுத்தத் தெரியாதவர் என்று கூறுதல் உலகிற் பல இடத்தும் நிகழ்ந்ததே. பின்னாளில் பிரெடரிக் சீபோம் 1895 இல் வெளியிட்ட வேல்ஸ் குலமுறை பற்றிய நூலும், நிலையான உழவினும் கால்நடை மேய்த்தலே அச்சமுதாயத்தின் அடிப்படை என்னும் எண்ணத்தை வலுப்படுத்தியது.

ஜெரல்ட் பொய்யுரைத்தார் என்று யாம் கூறவில்லை. அவர் கண்ட மிலாற்றுக் கொட்டில்களுட் சில கோடைமனைகளாக இருந்திருத்தல் கூடும் என்பதே எமது கருத்து. இரண்டு வீடுடையவனின் மலைக்கொட்டிலை மட்டும் கண்டு அவனை வீடற்றவன் என்று எழுதுதல் எளிது.

இதற்கு மாறான சான்று அந்நாட்டுச் சட்ட நூல்களிலேயே உண்டு. பத்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மறைந்த ஹவெல் தா என்னும் மன்னனின் பெயரால் வழங்கும் சட்டங்கள், பதின்மூன்றாம் நூற்றாண்டு முதலாக எழுதப்பட்ட ஏடுகளில் நமக்குக் கிடைத்துள்ளன. வீட்டுக்குத் தீயிட்டவனும் வீட்டை அழித்தவனும் எவ்வளவு ஈடு செலுத்தல் வேண்டும் என்பதை அவை வகுக்கின்றன. அவ்விடத்தில் குளிர்கால வீடு, இலையுதிர்கால வீடு, கோடை வீடு என மூன்றும் வேறுபிரித்து மதிப்பிடப்பட்டுள்ளன. குளிர்கால வீட்டின் மதிப்புக் கூரை தாங்கும் மரங்களை எண்ணிக் கணிக்கப்படும். கோடை வீட்டின் மதிப்புக் குறைவு. ஒருவனுக்குரிய வீடுகளைப் பருவந்தோறும் பிரித்து விலையிடும் சட்டம், நாடோடிகளிடத்துத் தோன்றியதாகக் கொள்ளுதல் இயலாது. கிளான்வில் ஜோன்ஸ் என்னும் வரலாற்றுப் புவியியலாளர் 1961 இல் குலமுறைக் கொள்கையை மறுபரிசீலனை செய்து எழுதிய கட்டுரை, உழுநிலத்தோடு பிணைந்த நிலையான ஊர்கள் வேல்ஸில் மிகப் பழங்காலந்தொட்டே இருந்தன என்பதை வற்புறுத்தியது. இன்று ஆராய்ச்சியாளர் பலர்க்கும் இக்கருத்து உடன்பாடாம்.

இனி, நிலத்தின்மேற் கிடக்கும் சான்றுகளுக்கு வருவாம். தொல்பொருளாராய்ச்சியாளர் இவற்றை இருவகையாகக் கூறுவர். ஒன்று நீள்கொட்டில், மற்றது மேடைவீடு. நீள்கொட்டில் என்பது பெரும்பாலும் இருபது முதல் முப்பத்தைந்து அடி நீளமும் பத்து முதல் பதினைந்து அடி அகலமும் உடைய எளிய கட்டடம். சுவரின் அடி சாந்தின்றி அடுக்கிய கல்; அதன்மேல் புற்கரணை வைத்து எழுப்பியிருத்தல் கூடும். நெடுஞ்சுவர்களின் நடுவே எதிரெதிராக வாயில்கள் உள்ளனவும் உண்டு. மேடைவீடு என்பது சரிவில் அமைவது. சரிவின் மேற்பக்கத்தை வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கத்தில் நிரப்பிச் சமமான மேடையொன்று செய்வர்; அம்மேடையில் வீடு சரிவுக்குக் குறுக்காக அன்றிச் சரிவோடு ஒட்டி, ஒருமுனை மலையுள்ளும் மறுமுனை வெளியேயுமாக நிற்கும். மேல்முனையைச் சுற்றிப் பிறைபோன்றதொரு சிறு வரப்பு இருக்கும். மழைக்காலத்தில் மலையிலிருந்து வடியும் நீர் வீட்டினுட் புகாது இருபுறமும் பிரிந்து ஓடுதற்கு அமைத்த வரப்பு அது. சுவர் முற்றாக அழிந்த இடத்தும் மேடையும் வரப்பும் எஞ்சி நின்று வீட்டிருப்பைக் காட்டிக்கொடுக்கின்றன. மாலைவெயில் சாய்ந்து விழும்போது, பகலிற் புலப்படாத மேடைகள் நிழல் வரம்புகளாகத் தெளிவுறும். ஆகவே இவற்றைத் தேடுவோர் அப்பொழுதினையும், புதர் வாடிய குளிர்காலத்தையும் விரும்புவர்.

வேல்ஸின் பழஞ்சின்னங்களுக்கான அரச ஆணைக்குழு, 1956, 1960, 1964 ஆம் ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட கானாவன் மாவட்ட விவரப்பட்டியலில் இத்தகைய நீள்கொட்டில்கள் பலவற்றைப் பதிந்தது. தெற்கே கிளமோர்கன் மாவட்டத்தில், கெலிகாயர் பொதுமேய்ச்சல் நிலத்தில், எய்லீன் பொக்ஸ் அம்மையார் 1936 முதலாகச் சில மேடைவீடுகளை அகழ்ந்து, அவற்றின் முடிபுகளை 1937 இலும் 1939 இலும் வெளியிட்டார். மரத்தூண்கள் நின்ற குழிகளும் அடுப்புத் தடங்களும் அங்கே வெளிப்பட்டன. கூரையைத் தூண்கொண்டு தாங்கிய அவ்வீடுகள் ஒரு கோடைக்கென்று விரைந்து கட்டப்பட்ட கொட்டில்கள் போலத் தோன்றவில்லை. பிரெக்கன் மலைத்தொடரின் வடமுகத்தில் உள்ள மேடைகளையோ, 1966 இல் எழுதிய கிராம்ப்டன் என்பார் கோடைமனைகளின் மேடைகள் என்றே பெயரிட்டார். ஒரே வடிவமுடைய சின்னம் ஓரிடத்தில் நிலையான பண்ணையாகவும் பிறிதோரிடத்திற் கோடைமனையாகவும் கொள்ளப்படுவதாயிற்று. இடர்ப்பாடு இங்கேதான் எழுகின்றது. கல் தான் நின்ற பருவத்தைச் சொல்லாது.

அவ்வாறாயின் எவற்றைக்கொண்டு துணிவது? வீட்டைச் சுற்றி உழவுச் சால்களின் தடம் உண்டாயின், அங்கு யாரோ பயிரிட்டு அறுவடைவரை இருந்தனர் எனலாம். குளிர்காலத் தீனி சேமிக்கும் களஞ்சியமோ, கால்நடை கட்டும் தொழுவமோ வீட்டோடு சேர்ந்து நின்றால், நிலைக்குடி எனக் கருத இடமுண்டு. அடைப்பு மிகச் சிறிதாய், கன்றுகளையும் பால் கறத்தற்குரிய பசுக்களையும் மட்டும் அடைத்தற்குப் போதுமானதாய், சுற்றிலும் உழவுத்தடம் ஒன்றுமில்லையாயின், கோடைமனை என்னும் ஊகம் வலுப்பெறும். கடல்மட்டத்தின்மேல் உயரம், காற்றினின்று மறைவு, ஓடையின் அண்மை என்பனவும் கருதப்படும். பாற்பாத்திரங்களைத் தூய்மை செய்தற்கும் வெண்ணெயைக் குளிர்ச்சியில் வைத்தற்கும் நீர் இன்றியமையாதது. இவற்றுள் எதுவும் தனித்து நின்று போதிய சான்றாகாது.

மட்பாண்டங்களும் பெரிதும் உதவுவதில்லை. கறக்கும் கலமும் கடையும் கலமும் உண்ணும் கலமும் மரத்தால் ஆயிருந்தமையின், ஈரமும் புளிப்பும் மிக்க மலைமண்ணில் அவை எஞ்சுவதில்லை. இறங்கும்போது பயனுள்ள பொருளையெல்லாம் மக்கள் உடன் கொண்டு சென்றனர் என்பதையும் மறத்தலாகாது. அகழ்வோன் கையில் சில வேளைகளிற் கரியும் சாம்பலுமே எஞ்சும்.

இடப்பெயர்கள் மற்றொரு சான்று. ஆனாற் கண்ணி வைக்கும் சான்று. வேல்ஸ் நிலப்படத்தில் ஹவொட் என்று தொடங்கும் பெயர்கள் எண்ணிறந்தன. அவை யாவும் எக்காலத்தும் கோடைமனைகளாகவே இருந்தன எனக் கொள்ளுதல் தவறு. கோடைமனை நாளடைவில் நிலையான பண்ணையாக மாறிய பின்னும் பழைய பெயர் நீங்காது நின்றது. இதற்கு மிகையானதோர் எடுத்துக்காட்டு இஸ்ற்வித் ஆற்றின் பள்ளத்தாக்கிலிருந்த ஹவொட் மாளிகை. தொமஸ் ஜோன்ஸ் என்னும் செல்வர் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே பேரில்லம் எழுப்பி, நூலகம் அமைத்து, மலைச்சரிவெங்கும் மரம் நட்டார். 1958 இல் இடிக்கப்படும்வரை அம்மாளிகை இடையர் கொட்டிலின் பெயரையே தாங்கி நின்றது. மறுதலையாக, மேட்டில் இடிந்து கிடக்கும் சிறு வீடுகளெல்லாம் கோடைமனைகளுமல்ல. பொதுநிலத்தில் ஒரே இரவில் வீடு கட்டி, விடியுமுன் புகைபோக்கியிற் புகை எழச் செய்தவனுக்கு அந்நிலம் உரியதாகும் என்னும் நம்பிக்கை பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் வேல்ஸ் ஏழை மக்களிடையே நிலவியது. ‘ஓரிரவு வீடு’ என்று வழங்கிய அத்தகைய குடில்களின் இடிபாடும் இவற்றோடு கலந்து கிடக்கின்றது. இளவரசர்களும் மடங்களும் மலைகளில் நடத்திய பெரும் மாட்டுப்பண்ணைகளும் உண்டு. 1164 இல் தோன்றிய ஸ்ற்றாட்டா புளோரிடா மடம் போன்ற சிஸ்ரேர்சியத் துறவோர் இல்லங்கள் பரந்த மேய்ச்சல் நிலங்களை ஆண்டன.

இத்துணை ஐயங்களினிடையே ஓரளவு தெளிவாகப் பேசும் இடமொன்று வடகிழக்கு வேல்ஸில் உளது. டென்பி மேட்டுநிலத்தில் பிரெனிக் ஆற்றைத் தடுத்து 1976 இல் நிறைவேறிய நீர்த்தேக்கத்தை அமைக்குமுன், அப்பள்ளத்தாக்கின் தொல்பொருள்கள் யாவும் முறைப்பட ஆராயப்பட்டன. பிரான்சிஸ் லிஞ்ச் அம்மையார் அங்குள்ள வெண்கலக்காலப் புதைமேடுகளை அகழ்ந்தமை பலரும் அறிந்தது. அதே ஆராய்ச்சியில், 1973-74 இல், ஹவொட் அ நந்த் கிரியாவோலன் என்னும் இடம் அகழப்பட்டது. ‘மலைப்பூவரசு’ என்று நாம் தவறாக மொழிபெயர்த்துவிடக்கூடிய ரோவன் மரத்தின் பெயரால் வழங்கும் சிற்றோடை அது. கடல்மட்டத்துக்கு 1,200 அடிக்கு மேற்பட்ட அவ்விடத்தில், சிறு அடைப்புகளோடு கூடிய நீள்சதுர வீடுகள் ஒன்றுக்கொன்று அண்மையில் நின்றன. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியையும் பதினாறாம் நூற்றாண்டையும் சார்ந்த பொருள்கள் கிடைத்தன. உழவுக்கு ஏற்ற நிலமன்று அது. குளிர்காலத்தில் மனிதர் தங்கி வாழ்தற்கும் ஏற்றதன்று. பெயர், உயரம், அடைப்பின் அளவு, கண்டெடுத்த பொருள்களின் காலம் ஆகியன ஒன்றையொன்று தாங்கி நிற்றலாற்றான் இதனைக் கோடைமனைத் தொகுதி என்று துணிந்து கூற முடிகின்றது. தனிமையில் ஓரிடையன் ஒதுங்கிய கொட்டிலாக அன்றி, பல குடும்பங்கள் அயலவராகக் கூடி மேலேறித் தங்கிய சிற்றூராக அது காட்சியளித்தல் குறிப்பிடத்தக்கது.

அக்காலத்தை ஒட்டியே, 1530 களில், ஜோன் லீலண்ட் என்னும் ஆங்கிலப் பழம்பொருளாய்வாளர் ஸ்ற்றாட்டா புளோரிடா மடத்தை அடுத்த மலைகளைக் கடந்து சென்றார். கோடையிற் பாற்பண்ணை நடத்துதற்குரிய மிக எளிய குடில்களைத் தாம் அங்கே கண்டதாக அவர் குறித்துள்ளார். சுருங்கிய குறிப்பேயெனினும், வீடு நின்றபோதே அதன் பயனைக் கூறிய கண்கூடான சான்றாதலின் பெறுமதி மிக்கது.

விரிவான சான்று இரண்டரை நூற்றாண்டு கழித்துக் கிடைக்கின்றது. தொமஸ் பெனன்ற் என்பார் வேல்ஸ் நாட்டு நிலக்கிழார், இயற்கைநூல் வல்லவர், ஆங்கிலத்தில் எழுதியவர். ஸ்நோடன் மலைப் பயணம் பற்றி 1781 இல் வெளியிட்ட நூலில், அம்மலைவாழ்நரின் கோடைமனைகளை அவர் வருணிக்கின்றார். தானியம் அரிதாக விளையும் அப்பகுதியிற் பசுவும் செம்மறியுமே செல்வம். கோடையில் அவை உச்சிச் சாரல்களுக்கு ஏற, உரியோர் குடும்பத்தோடு பின்தொடர்வர். வீடு என்பது தாழ்ந்த நீண்ட ஓர் அறை. ஒரு முனையில் தீ. அதன்மேற் புகை போக ஒரு துளை. இருக்கைக்குப் பதில் கற்கள். சுவரோரமாகப் பரப்பிய காய்ந்த புல்லே படுக்கை. ஆண்கள் அறுவடை வேலையிலோ மந்தை பார்த்தலிலோ பொழுது கழிக்க, பெண்கள் கறத்தலும் வெண்ணெய் எடுத்தலும் பாற்கட்டி செய்தலுமாயிருந்தனர். செம்மறியையும் வெள்ளாட்டையும் கறந்து தம் உணவுக்குரிய பாற்கட்டி செய்தனர். ஓற்ஸ் ரொட்டியும் வெண்ணெயும் உணவு. பாற்கட்டி திரளும்போது பிரியும் தெளிநீரே பானம். நோயுற்ற காலத்துக்கென்று கடுமையான பியர் சில போத்தல் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. பாறையிற் படரும் கற்பாசியைச் சுரண்டிச் சாயமாக்கித் தாமே நெய்த துணிக்கு ஊட்டினர். இத்தகையோரைப் பெனன்ற் சுவிற்சலாந்து மலைவாழ்நரோடு ஒப்பிடுகின்றார்.

இவ்வருணனையை நீள்கொட்டிலின் தரைப்படத்தோடு வைத்து நோக்கின், பொருந்துவன பல. நீண்ட ஒற்றை அறையும் ஒருமுனைத் தீயும் அகழ்வில் தோன்றுவனவேயாம். காய்ந்த புற்படுக்கையும் கல்லிருக்கையும் எதனையும் மிச்சம் வைப்பனவல்ல; அகழ்வோன் வெறுந்தரையைக் காண்பதன் காரணம் இதனால் விளங்கும். இன்னும் ஒன்று: இவ்வீடுகளின் முதன்மையான தொழில் பாற்றொழில், அதனைச் செய்தோர் பெண்கள். மேய்ச்சல் நிலச் சின்னம் என்று பொதுவாகச் சுட்டப்படும் இவ்விடங்களை, மகளிர் உழைத்த தொழிற்சாலைகள் என்று கூறின் மிகையாகாது. ஆராய்ச்சி நூல்கள் இதனை மிகச் சுருக்கமாகவே கூறிச் செல்கின்றன.

குளிர்காலத்தில் முதுமனைக்கு இறங்கிய பின் இம்மக்கள் வேலையின்றிச் சோம்பியிருந்தனர் என்னும் கருத்துப்படப் பெனன்ற் முடிக்கின்றார். இதனை அப்படியே ஏற்றல் அரிது. நூற்றலும் நெய்தலும் பின்னலும் கால்நடைக்குத் தீனி வைத்தலும் உழவுக்கு ஆயத்தஞ் செய்தலும் அப்பருவத்துக்கே உரியன. கோடையில் மலையேறி வந்த கனவான், குளிர்காலத்தில் அவ்வீடுகளுட் புகுந்து பார்த்திருப்பாரோ என்பது ஐயம்.

பெனன்ற் எழுதிய காலத்திலேயே இவ்வாழ்க்கை பல மாவட்டங்களில் மறைந்துவிட்டது. காரணம் ஒன்றன்று. பதினாறாம் நூற்றாண்டு முதலாக மக்கட்டொகை பெருக, தந்தையின் முதுமனையில் இடம் பெறாத இளைய மகன் கோடைமனையையே தன் நிலையான இல்லமாக்கிக்கொண்டான். கொட்டிலுக்குப் புகைபோக்கி வந்தது; அடைப்பு வயலாயிற்று. மற்றொரு காரணம் கம்பளி. பசு நாள்தோறும் இருமுறை கறக்கப்படல் வேண்டும். கறவைக்கென்று ஒரு குடும்பமே மேலே தங்குதல் வேண்டும். கம்பளிக்கும் இறைச்சிக்கும் வளர்க்கப்படும் செம்மறிக்கோ ஓர் இடையனும் நாயும் போதும். மேட்டுநிலம் பசுவினின்று செம்மறிக்கு மாறியபோது, கோடையில் அங்கே குடும்பம் தங்கவேண்டிய தேவை நீங்கிற்று. பின்னர்ப் பொதுநிலங்களை வேலியிட்டுத் தனியுடைமையாக்கும் சட்டங்கள் வந்தன. பிரெக்கன் பகுதியிலுள்ள பெருங்காடு என்னும் பரந்த மேய்ச்சல் நிலம் 1815 முதல் 1819 வரை இவ்வாறு பிரிக்கப்பட்டது. பழைய மேய்ச்சல் உரிமையின்றிக் கோடைமனை நில்லாது.

இடிபாடுகளை நாடு முழுவதும் ஒருசேர எண்ணிப் பதியும் முயற்சி மிகப் பிற்பட்ட காலத்திலேயே நடைபெற்றது. வேல்ஸ் தொல்பொருள் அறக்கட்டளைகள் 1990 களின் பிற்பகுதியிலிருந்து கைவிடப்பட்ட நாட்டுப்புறக் குடியிருப்புகளை மலைதோறும் நடந்து பதிந்தன; அதன் பயனாக 2006 இல் கத்ரின் ரொபேற்ஸ் பதிப்பித்த கட்டுரைத் தொகுதி வெளிவந்தது. ஆயிரக்கணக்கான சின்னங்கள் இன்று பட்டியலில் உள. அகழப்பட்டவையோ மிகச் சில. பட்டியலிற் ‘கோடைமனையாக இருக்கலாம்’ என்று குறிக்கப்பட்டவற்றுள் எத்தனை அவ்வாறே உறுதிப்படும் என்பது, அடுப்புக் கரியின் காலத்தைக் கணித்து, சுற்றுமண்ணிலுள்ள மகரந்தத்தை ஆய்ந்து, ஒவ்வொன்றாகத் தெளியவேண்டிய காரியம். ஸ்நோடன் உச்சியில் 2009 இல் திறக்கப்பட்ட பார்வையாளர் மண்டபத்துக்கு, அம்மலை அமைந்த மலைப்பகுதியின் வேல்ஸ் பெயரைச் சேர்த்து, ஹவொட் எரிரி எனப் பெயரிட்டுள்ளனர். பனிக்காலத்தில் மூடப்பட்டுக் கோடையில் மட்டும் திறக்கும்படி அமைந்த கட்டடம் அது.